எதிர்ப்பேட்டைத் தண்ணீர்

எங்கள் ஊரில் ஒருவன் நிம்மதியைத் தொலைக்க வேண்டுமானால் குடிக்க வேண்டாம், சூதாட வேண்டாம். எதிர்ப்பேட்டைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டால் போதும். துல்லியோ அதைத்தான் செய்தான். அவன் கரடிப்பேட்டைக்காரன். மலையடிவாரத்து ரயில் நிலையத்துக்கும் மேலே கோட்டை வாசலுக்கும் இடையே காலை நேர பஸ் ஓட்டுகிறவன். அவன் மனைவி நிவெஸ் நாரைப்பேட்டைக்காரி. மருந்துக்கடையில் மத்தியான வேலை பார்க்கிறாள்.

இரண்டு பேட்டைக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. ஆனால் எந்தக் காலத்திலோ பேட்டைகளுக்குள் நடக்கும் கோடைக் குதிரைப் பந்தயத்தில் ஒரு நாரைக்காரன் கரடிக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துவிட்டானாம். எந்த வருஷம் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கோபம் மட்டும் நேற்றுச் சுட்ட ரொட்டி மாதிரி புதிதாக இருக்கும்.

கல்யாணம் ஆகியும் குடும்பம் ஒழுங்காகத்தான் நடந்தது. பந்தய வாரத்தில் நிவெஸ் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அவன் தனியாக முட்டை பொரித்துத் தின்பான். பந்தயம் முடிந்ததும் அவள் திரும்பி வருவாள். யார் ஜெயித்தார்கள் என்ற பேச்சை இருவரும் எடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் இரண்டு பேட்டை கலந்த குடும்பங்கள் எல்லாமே இப்படித்தான் ஓடுகின்றன. லீவியா பிறந்த பிறகுதான் வண்டி மேட்டில் ஏறிக்கொண்டு நின்றுவிட்டது.

சர்ச்சில் கொடுக்கும் ஞானஸ்நானம் எல்லாக் குழந்தைக்கும் பொது. பேட்டைத் தண்ணீர் அப்படி இல்லை. ஒவ்வொரு பேட்டைச் சதுக்கத்திலும் ஒரு நீரூற்று இருக்கிறது. அந்தத் தண்ணீரை மூன்று கை அள்ளி, மூன்று முறையும் பேரைச் சொல்லிக் குழந்தையின் தலையில் விட்டால் அது அந்தப் பேட்டைப் பிள்ளை. அந்தப் பேட்டையில் யாராவது ஒருத்தர் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கொட்டு, கொடி, விருந்து எல்லாம் அலங்காரம். ஒரு தலைக்கு ஒரு தண்ணீர், மாற்ற முடியாது. அப்பாவும் அம்மாவும் வேறு வேறு பேட்டை என்றால் இன்னொரு விதி உண்டு. விட்டுக்கொடுப்பவர் கையால்தான் ஊற்ற வேண்டும். பின்னால் யாரும் பிள்ளையைத் திருடிக்கொண்டார்கள் என்று சொல்லக்கூடாது பாருங்கள். நம் முன்னோர்கள் சண்டைக்காரர்கள்தான், ஆனால் முட்டாள்கள் இல்லை.

ஆக, லீவியா கரடியாக வேண்டுமானால் நிவெஸ் ஊற்ற வேண்டும். நாரையாக வேண்டுமானால் துல்லியோ ஊற்ற வேண்டும். நாலு மாதம் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள், பிறகு கத்தினார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துல்லியோவின் பின்னால் அவன் சித்தப்பா ஒரெஸ்தே நின்றார். அப்பா செத்த பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவர். கரடிப்பேட்டைக்குக் கொட்டு அடிப்பவரும் அவர்தான். பிள்ளை குட்டி இல்லாத மனுஷர். லீவியாவுக்கென்று கரடி போட்ட பட்டுக் கழுத்துத்துணியை அவள் பிறப்பதற்கு முன்பே வாங்கி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் நடுவில் ஒருநாள் நிவெஸ், பாத்திரம் கழுவிக்கொண்டே, சரி, நானே ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டாள். செப்டம்பர் முதல் ஞாயிறு கரடிப்பேட்டைத் திருவிழா; அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றாள். துல்லியோ ஜெயித்துவிட்டான். ஜெயித்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம் மட்டும் ஏனோ வந்து சேரவில்லை. அவள் அவனோடு சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

இந்த நேரத்தில் லீவியாவுக்குத் தூக்கம் பிடிக்காமல் போயிற்று. காலையில் பஸ், மத்தியானத்தில் குழந்தை என்பது துல்லியோவின் பாடு. சாப்பிட்டதும் ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். அவன் மட்டும் தள்ளுவண்டியில் கத்துகிற பிள்ளையை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவான். ஒரு மத்தியானம் நாரைப்பேட்டைச் சந்தின் முனையைத் தாண்டும்போது லீவியா சட்டென்று அழுகையை நிறுத்தினாள். உள்ளேயிருந்து தண்ணீர் விழும் சத்தம் வந்தது. அவன் வண்டியைத் திருப்பினான், அழுதாள். திரும்ப வந்தான், நிறுத்தினாள். மறுபடி திருப்பினான், ஊர் அதிர அழுதாள். கரடிப்பேட்டையிலும் நீரூற்று இருக்கிறதே என்று அங்கே ஓடினான். அது ஜூன் மாதம் குழாய் உடைந்ததிலிருந்து வறண்டு கிடந்தது. நகராட்சிக்காரர்கள் தோண்டிப் போட்டுவிட்டு விடுமுறைக்குப் போயிருந்தார்கள்.

வேறு வழியில்லை. சட்டையில் குத்தியிருந்த கரடி வில்லையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வயது முப்பத்தாறு ஆன மனுஷன், பஸ் ஓட்டுகிறவன், திருட்டுப் பூனை மாதிரி எதிர்ப்பேட்டைச் சதுக்கத்துக்குள் நுழைந்தான்.

பிறந்ததிலிருந்து அவன் அங்கே கால் வைத்ததில்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனபோதுகூடப் பின்பக்கப் படிக்கட்டு வழியாகத்தான் போனான். நாரை நீரூற்று என்றால் கழுத்து திருகிய நாலு வாத்து என்று கரடிப்பேட்டையில் சொல்லி வளர்ப்பார்கள். அவனும் அப்படியே நினைத்திருந்தான். இப்போது பார்த்தால் எட்டு மூலைக் கல்தொட்டி, அதன் நடுவே கூடை ஏந்திய கல்பெண், அவளைச் சுற்றி நாலு வெண்கல நாரை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கழுத்தை வளைத்திருந்தது. ஒன்று தன் இறகையே கோதிக்கொண்டிருந்தது. அலகுகளிலிருந்து தண்ணீர் அவசரமில்லாமல் விழுந்தது. பாசி படிந்த விளிம்பில் சிற்பி சும்மா இருக்க மாட்டாமல் தவளை, நத்தை, திராட்சைக் கொத்து என்று செதுக்கித் தள்ளியிருந்தான். சுற்றிலும் காவி வீடுகள், சாத்திய பச்சை ஜன்னல்கள், ஒரு ஆள் இல்லை. அழகாக இருந்தது. அவனுக்குக் கோபமாக வந்தது. இத்தனை நாளும் ஒரு தெரு தள்ளி இது இருந்திருக்கிறதே என்று வந்த கோபம் அது.

லீவியா தூங்கிவிட்டாள்.

அப்புறம் தினமும் வந்தான். வீட்டில் சொல்லவில்லை. சித்தப்பா கேட்டால் கோட்டைப் பக்கம் காற்று வாங்கினோம் என்பான். சில நாள் கழித்து நீரூற்றுக்குப் பக்கத்தில், நிழல் விழும் இடமாகப் பார்த்து, ஒரு பிரம்பு நாற்காலி போடப்பட்டிருந்தது. அவன் பதறிப்போனான். கிண்டலா, மரியாதையா என்று புரியவில்லை. வீம்புக்கு இரண்டு நாள் நின்றுகொண்டே இருந்தான். மூன்றாம் நாள் கால் வலி பேட்டைப் பற்றை ஜெயித்துவிட்டது. உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு அந்த நாற்காலியிலிருந்து எழுந்துபோகவே மனம் வரவில்லை.

திருவிழாவுக்கு முந்தின வாரம் அனல் காற்று அடித்தது. லீவியா பாதித் தூக்கத்தில் விழித்துக்கொண்டு வீறிட்டாள். முகமெல்லாம் சிவந்து, நெற்றியில் வேர்க்குரு. கைக்குட்டையைத் தேடினான், இல்லை. தொட்டியில் கையை விட்டு ஒரு கை தண்ணீர் அள்ளி அவள் தலையில் விட்டான். "லீவியா, என் கண்ணு." அழுகை நிற்கவில்லை. இன்னொரு கை. "லீவியா, அழாதடா." இன்னும் ஒரு கை. "லீவியா, ஆச்சு, ஆச்சு." குழந்தை மூச்சை இழுத்துக்கொண்டு அவனைப் பார்த்தது. அழுகை நின்றது.

அவன் கை அந்தரத்தில் நின்றது. மூன்று கை. மூன்று முறை பேர். நாரைத் தண்ணீர். அதுவும் கரடிப்பேட்டை அப்பன் தன் கையால். யாரும் பார்க்காவிட்டால் கணக்கில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மெதுவாகத் தலையைத் தூக்கினான். எதிரே புகையிலைக் கடையின் பாதிக் கதவைத் திறந்துகொண்டு ஸெலிந்தா வெளியே வந்தாள்.

நாரைப்பேட்டைக்குத் தலைவி அவள்தான். அறுபதை நெருங்குகிறவள். பந்தய மைதானத்தில் அவள் கத்தினால் குதிரைகள் காதை மடக்கும் என்பார்கள். இப்போது சத்தமில்லாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"கரடியக் கழட்டிப் பைக்குள்ள போட்டா, சட்டையில ஊசி குத்தின ஓட்டை போயிடுமா தம்பி?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"எப்பலேர்ந்து பாக்குறீங்க அக்கா?"

"மொத நாள்லேர்ந்து. நான் மட்டுமா? சுத்திப் பாரு."

பார்த்தான். சாத்தியிருந்த பச்சை ஜன்னல்களில் பாதிக்கு மேல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. பிள்ளை தூங்குகிறது என்று காபிக் கடை ரேடியோவை மத்தியானத்தில் அணைத்து வைத்திருப்பதை ஸெலிந்தா சொன்னாள். மாடி வீட்டுத் தையல்காரி மெஷின் ஓட்டுவதைக்கூடச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டாளாம். எதிரியின் பிள்ளைக்காக ஒரு பேட்டையே மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவன்தான் யாருக்கும் தெரியாமல் வந்துபோவதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப நீ ஊத்தினதையும் பாத்தேன்," என்றாள்.

"தெரியாம ஊத்திட்டேன் அக்கா. சூடு தாங்காம அழுதா."

"தெரியும். விதிக்குத் தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சதுன்னு கிடையாது. நான் இப்பக் கொட்டு அடிச்சா உன் பொண்ணு நாரை. ஒரெஸ்தே நெஞ்சப் பிடிச்சுட்டு உக்காந்துடுவாரு. எனக்கு அதப் பாக்க ஆசையாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன்." லீவியாவின் தலையில் நின்ற நீர்த்துளியை ஒரு விரலால் துடைத்தாள். "ஆனா இப்படிப் பிள்ள புடிக்க எங்களுக்கு வெக்கமா இருக்காதா? நீ சொல்லலேன்னா நானும் சொல்லல. ஜன்னலுங்களும் சொல்லாது. உன் பொண்டாட்டிகிட்ட சொல்றதும் விடுறதும் உன் பாடு."

செருப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பி, நாற்காலியில் ஒரு திண்டு போடட்டுமா என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் மனம் தப்பிக்கும் வழியையே தேடியது. ஸெலிந்தா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை நிவெஸ் ஊற்றிவிடுவாள், சித்தப்பா கொட்டு அடிப்பார், லீவியா கரடியாகிவிடுவாள். ஒரு தலைக்கு இரண்டு தண்ணீர் விழுந்தது அவனுக்கும் சில ஜன்னல்களுக்கும் மட்டும் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒரு வேலையா என்ன? முடியும் என்றுதான் வீட்டுப் படி ஏறினான்.

அன்று சாயங்காலம் பயறு சூப்பும் நேற்றைய ரொட்டியும். சாப்பிட்டு முடித்ததும் நிவெஸ் லீவியாவின் வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட உட்கார்ந்தாள். சுருக்கம் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"உங்க பேட்டையில வலது கையால ஊத்தணுமா, ரெண்டு கையாலயுமா? தப்பா ஊத்தி உன் ஆளுங்க முன்னாடி மானம் போகக்கூடாதுல்ல."

அவள் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த நொடியில் துல்லியோவுக்குத் தன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. லீவியா ஏற்கெனவே அவள் பேட்டைப் பிள்ளை. அதை அவள் கையாலேயே தனக்குக் கொடுக்க வைக்கப் பார்க்கிறான். அதற்கு அவள் இஸ்திரி வேறு போடுகிறாள்.

எல்லாவற்றையும் சொன்னான். சந்து, நாற்காலி, ஜன்னல்கள், மூன்று கை தண்ணீர், ஸெலிந்தாவின் வாக்கு. நிவெஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். நாற்காலி வந்த இடத்தில் சிரித்தாள். தண்ணீர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. கவுனை மடித்து ஓரமாக வைத்தாள்.

"அது எனக்கு வேண்டாம்," என்றாள் கடைசியில்.

"விதிப்படி முடிஞ்சுபோச்சு நிவெஸ். அவ உங்க பேட்டை."

"விதிய நீயே வச்சுக்கோ. நீ கண்ணத் தொறந்துட்டு ஊத்தல. நாளைக்கு உன் சித்தப்பா முகத்தப் பாக்கறப்பல்லாம், அன்னைக்கு வெயில் அடிச்சுதே, கைக்குட்ட இல்லாமப் போச்சேன்னு நினைப்ப. காலம் பூரா என் பொண்ண அந்தப் பார்வை பாப்ப. எனக்கு வேண்டாம்."

"நீ சரி சொன்னியே, அது மட்டும் மனசோடயா சொன்ன?"

"இல்ல."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும். உனக்குச் சித்தப்பா இருக்காரு. அவருக்கு உன்ன விட்டா யாரு இருக்கா? அத நினைச்சேன்."

துல்லியோ எழுந்து போய் ஜன்னலருகே நின்றான். நாலு மாதச் சண்டையில் அவன் ஒரு தடவைகூட நிவெஸின் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்ததில்லை. அவளோ அவன் சித்தப்பாவின் பக்கத்திலிருந்துகூட யோசித்துவிட்டாள். அவனுக்கு அழுகை வந்தது. பஸ் ஓட்டுகிறவர்கள் அழமாட்டார்கள் என்று யார் சொன்னது? நன்றாகவே அழுதான்.

"நாளைக்கு மத்தியானம் லீவு போடு," என்றான். "கண்ணத் தொறந்துட்டு ஊத்தறேன்."

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். இந்த முறை கரடி வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டே போனான். ஸெலிந்தா கடை வாசலில் நின்று, நேற்று எதையோ பார்த்த மாதிரி ஞாபகம், வயசாகிவிட்டது, கண் சரியில்லை என்று நிவெஸிடம் சொன்னாள். கொட்டு இல்லை, கொடி இல்லை. துல்லியோ குழந்தையைத் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கைக்கும் பேரைத் தெளிவாகச் சொல்லி ஊற்றினான். நிவெஸ் அவன் முதுகில் கை வைத்திருந்தாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக முழுசாகத் திறந்தன. ஒருவரும் கை தட்டவில்லை, ஏனென்றால் லீவியா அதற்குள் தூங்கியிருந்தாள்.

சித்தப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரெஸ்தே வாசலில் உட்கார்ந்து கொட்டுத் தோலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். துல்லியோ சுற்றி வளைக்காமல் சொன்னான். அவர் எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீயா ஊத்தின?"

"நான்தான் சித்தப்பா. தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

"சரி," என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் துல்லியோ பிழைத்திருப்பான்.

திருவிழா அன்று அவன் தனியாகப் போய்க் கூட்டத்தோடு நின்றான். நாரைக்குத் தீனி போட்டுவிட்டு வந்தாயா, முட்டை எப்போது இடும் என்று பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள். வாங்கிக்கொண்டான். குழாய் சரியாகாததால் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றி, அதிலிருந்து அள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டார்கள். ஒரெஸ்தே கொட்டு அடித்துக்கொண்டே அவனைத் தாண்டிப் போனார். அடி ஒன்றுகூடப் பிசகவில்லை, பார்வையும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவர் வருவது நின்றது. நிவெஸ் அவருக்கென்று ஒரு தட்டு வைப்பாள், பிறகு எடுத்து வைப்பாள்.

வெயில் தணிந்த ஒரு மத்தியானம். துல்லியோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், லீவியா வண்டியில் விழித்துக்கொண்டு தன் கையையே வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். சந்து முனையில் யாரோ நிற்பது தெரிந்தது. ஒரெஸ்தே. தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். உள்ளே வரவும் முடியாமல், திரும்பிப் போகவும் முடியாமல் நின்றார். துல்லியோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினான்.

கிழவர் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து குழந்தையைப் பார்த்தார். லீவியா வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, எச்சில் வழிய, பல்லில்லாத வாயைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். கை இரண்டையும் அவர் பக்கம் நீட்டினாள்.

"என்னப் பாத்துச் சிரிக்கிறாளேடா," என்றார்.

"அவளுக்கு நாரையும் தெரியாது, கரடியும் தெரியாது சித்தப்பா."

ஒரெஸ்தே ஒரு விரலை நீட்டினார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

"கொஞ்ச நாளைக்கு அத அவளுக்கு யாரும் சொல்லிக் குடுத்துடாதீங்கடா," என்றார்.